திடலில் விரிந்த உலகம்

1950ஆம் ஆண்டுகளில் நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அவ்வப்போது ஒரு வண்டி வரும். அது தகவல் இலாகாவின் படவண்டி. செம்மண் சாலையில் அது நுழைவதைப் பார்த்தவுடனே சிறுவர்கள் பின்னால் ஓடத் தொடங்குவார்கள். வண்டியில் வந்தவர்கள் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றுக்கிடையே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். இவ்வாறு காட்டப்படும் படத்தை மலாய்க்காரர்கள் ‘வாயாங் பாச்சாக்’ என்று அழைத்தனர். ‘பாச்சாக்’ என்றால் நிலத்தில் ஊன்றுதல் என்று பொருள். பெயரே அந்தத் திரையரங்கின் அமைப்பைச் சொல்லிவிடுகிறது.

இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் லயத்து வீடுகளிலிருந்து பாய்களும் பலகைகளும் திடலுக்கு வந்துவிடும். முன்புறம் இடமில்லாவிட்டால் திரையின் பின்புறம் அமர்ந்தும் பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும்; வலக்கையால் எழுதுபவர் இடக்கையால் எழுதுவார். இதையெல்லாம் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

திரையில் வந்தவை எப்போதும் கதைப்படங்கள் அல்ல. உடல்நலம், கூட்டுறவு, நாட்டு நடப்பு ஆகியவற்றைப் பற்றிய குறும்படங்கள் வந்தன. அவற்றோடு வெளிநாட்டு நகரங்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்களும் வந்தன. இரண்டடுக்குப் பேருந்து ஓடும் தெரு, மேலங்கி அணிந்து வேலைக்கு விரையும் மக்கள், வாயிலிருந்து புகைபோல் வெளிவரும் மூச்சு. மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டிய தொழிலாளர்கள், குளிர் என்பதை முதன்முதலாகக் கண்ணால் கண்டது இத்தகைய படங்களில்தான்.

தொலைதூர ஊர்களைப் படம்பிடித்துக் காட்டும் இவ்வகைப் படங்களைப் பயணப்படங்கள் எனலாம். திரைப்படம் பிறந்த மறுகணமே இவையும் பிறந்துவிட்டன. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய ஆட்கள் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு பல நாடுகளுக்குக் கிளம்பினர். 1896 ஜூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் அவர்களின் படங்கள் காட்டப்பட்டன. அதே ஆண்டில் அலெக்சாண்டர் புரோமியோ என்பவர் வெனிஸ் நகரில் படக்கருவியை ஒரு படகில் வைத்தார். படகு நகர நகர, கரையோரக் கட்டடங்கள் திரையில் நகர்ந்தன. கருவியைத் திருப்பாமலேயே காட்சியை நகர்த்தும் வழி அன்று கிடைத்தது.

அமெரிக்கரான பர்ட்டன் ஹோம்ஸ் இன்னொரு வழியைப் பின்பற்றினார். அவர் பல நாடுகளுக்குச் சென்று எடுத்துவந்த படங்களைத் திரையில் காட்டியபடி மேடையில் நின்று பேசுவார். ‘சொற்பொழிவு’ என்றால் மக்கள் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்பதால், 1904ஆம் ஆண்டு வாக்கில் ‘டிராவலாக்’ என்ற புதுச் சொல்லைத் தம் நிகழ்ச்சிக்குச் சூட்டினார். அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது.

பேசும் படம் வந்தபின் இத்துறையில் ஓங்கி நின்றவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பேட்ரிக். 1930 முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக அவர் பயணப்படங்களைத் தயாரித்தார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும். திரையரங்குகளில் முக்கியப் படத்துக்கு முன் காட்டப்படும். 1934 முதல் அவை டெக்னிகலர் வண்ணத்தில் வந்தன. அக்காலத்தில் பெரும்பாலான கதைப்படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தமையால், வண்ணத்தைக் காண்பதற்கென்றே பார்வையாளர்கள் முன்கூட்டியே வந்து அமர்ந்திருக்கக்கூடும். படம் முடியும்போது சூரியன் மேற்கில் இறங்கும். மனமில்லாமல் அந்த ஊரிடமிருந்து விடைபெறுவதாக ஃபிட்ஸ்பேட்ரிக்கின் குரல் சொல்லும். இந்த முடிவு எத்தனை முறை வந்ததென்றால், பிற்காலத்தில் நகைச்சுவைக் கலைஞர்கள் அதைக் கேலி செய்தே பிழைத்தார்கள். அவருடைய படங்களில் ஏழைத் தெருக்கள் அரிதாகவே வந்தன. மலர்த் தோட்டங்களும் மாளிகைகளும் விழாக்களுமே மிகுதி. ஐரோப்பா போரை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் அவர் காட்டிய நகரங்களில் மக்கள் சிரித்துக்கொண்டே இருந்தனர்.

மலாயாவில் இவ்வகைப் படங்கள் மக்களிடம் சென்றதற்கு அரசாங்கமே முக்கியக் காரணம். போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், ‘மலாயாத் திரைப்படப் பிரிவு’ கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. மலேசியா உருவான 1963ஆம் ஆண்டில் அது ‘பிலிம் நெகாரா மலேசியா’ ஆயிற்று. இப்பிரிவு எடுத்த படங்களுக்கு மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் வருணனை சேர்க்கப்பட்டது. ஒரே படம், அதே காட்சி, குரல் மட்டும் மாறும்.

வண்டி இவ்வளவு உள்ளே வரமுடிந்ததற்குத் தொழில்நுட்பமும் காரணம். திரையரங்குகளில் ஓடியது 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள். பழைய சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனவை, எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது கடினம். 1923ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் சுருளை அறிமுகப்படுத்தியது. இது எளிதில் தீப்பற்றாதது, எடையும் குறைவு. நானூறு அடி நீளமுள்ள ஒரு சுருள் பதினொரு நிமிடம் ஓடும். படம் காட்டும் கருவி, ஒலிபெருக்கி, மின்னாக்கி எல்லாம் ஒரே வண்டியில் அடங்கிவிட்டன. மின்சாரம் இல்லாத தோட்டத்திலும் படம் ஓடியது இதனால்தான்.

ஆனால், அரசாங்கம் பொழுதுபோக்குக்காக மட்டும் இத்தனை செலவு செய்யவில்லை. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நடப்பில் இருந்தது. பிரிட்டனுக்கு டாலர் வருமானம் ஈட்டித் தந்த முக்கியப் பொருள்களில் ரப்பரும் ஒன்று. எனவே தோட்டத் தொழிலாளர்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஆட்சியாளர்களுக்குப் பெரிய கவலை. ஒழுங்கான நகரம், நல்ல மருத்துவமனை, அமைதியான குடும்பம் ஆகியவற்றைக் காட்டும் படங்கள் அந்தக் கவலைக்கு ஒரு மருந்தாகப் பயன்பட்டன. தூர நகரத்தின் அழகுக்குப் பின்னால் ஒரு செய்தியும் இருந்தது.

பிரிட்டிஷார் இதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் இதே முயற்சியைச் செய்திருந்தனர். 1939ஆம் ஆண்டில் ‘குடியேற்ற நாடுகள் திரைப்படப் பிரிவு’ தொடங்கப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் செல்லர்ஸ். ஓர் ஆங்கிலேயக் குடும்பம் காலை முதல் இரவுவரை என்ன செய்கிறது என்பதைக் காட்டும் ‘திரு. இங்கிலிஷ் வீட்டில்’ என்ற படத்தை அப்பிரிவு 1940ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆப்பிரிக்க மக்கள் வேகமான படத்தொகுப்பைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று செல்லர்ஸ் நம்பினார். ஆகவே காட்சிகள் மெதுவாக நகரவேண்டும், தந்திரக் காட்சிகள் கூடாது என்று விதிகள் வகுத்தார். பின்னாளில் அந்த நம்பிக்கை தவறென்று கைவிடப்பட்டது.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றில் துப்புரவு பற்றிய படமொன்றைக் காட்டினார்களாம். முடிந்ததும், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். “கோழியைப் பார்த்தோம்” என்று பதில் வந்தது. படத்தில் கோழியே கிடையாதே என்று அதிகாரிகள் வியந்தனர். சுருளைக் கட்டம் கட்டமாக ஆராய்ந்தபோது, ஒரு மூலையில் ஒரு கோழி ஒரு நொடி பறந்து மறைந்தது தெரிந்ததாம். ஆப்பிரிக்கர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்பதற்குச் சான்றாகவே இக்கதை நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது. உண்மையில் அது வேறொன்றைக் காட்டுகிறது. படமெடுத்தவர் எதைக் காட்ட நினைத்தாரோ அதை மட்டுமே பார்வையாளர் பார்ப்பதில்லை. தம் வாழ்க்கையோடு தொடர்புள்ளதைத் தேடிப் பார்க்கிறார். படம் எடுத்தவர்களே கவனிக்கத் தவறிய கோழியை, பார்த்தவர்கள் கவனித்தார்கள்.

பழைய பயணப்படங்களை இன்று ஆராயும் அறிஞர்கள் செய்வதும் இதே கோழி தேடும் வேலைதான். இதற்கு ஒரு சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எடுக்கப்பட்ட படம். மைல்ஸ் சகோதரர்கள் படக்கருவியை ஒரு தெரு ரயில் வண்டியின் முன்புறத்தில் பொருத்தி, மார்க்கெட் தெருவின் ஒரு பகுதியிலிருந்து துறைமுகக் கட்டடம்வரை சென்றனர். பதின்மூன்று நிமிடப் படம். குதிரை வண்டிகள், சைக்கிள்கள், செய்தித்தாள் விற்கும் சிறுவர்கள், வண்டிக்குக் குறுக்கே துணிந்து ஓடும் பாதசாரிகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். மோட்டார் வண்டிகளும் ஏராளம். ஆனால், கூர்ந்து பார்த்தால் ஒரே மோட்டார் வண்டி மீண்டும் மீண்டும் வருவது தெரியும். நகரம் நவீனமானது என்று காட்ட, அதே வண்டிகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள் போலும்.

இப்படம் 1905ஆம் ஆண்டு செப்டம்பரில் எடுக்கப்பட்டது என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. டேவிட் கீன் என்னும் திரைப்பட வரலாற்றாய்வாளருக்கு அதில் ஐயம் எழுந்தது. தெருவில் மழைநீர் தேங்கியிருப்பதை அவர் கண்டார். பழைய வானிலைச் செய்திகளோடு ஒப்பிட்டபோது செப்டம்பர் என்ற கணக்கு பொருந்தவில்லை. மோட்டார் வண்டிகளின் பதிவு எண்களைத் தேடினார். 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதிவான எண்ணும் அவற்றில் இருந்தது. படம் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எடுக்கப்பட்டது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஏப்ரல் 18ஆம் நாள் விடியற்காலையில் அந்நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து தீ பரவியது. ஏறத்தாழ 3000 பேர் இறந்தனர். திரையில் தெரியும் கட்டடங்களில் பெரும்பாலானவை அழிந்தன. படச்சுருள் மட்டும் முந்தைய நாளே நியூயார்க்குக்கு ரயிலேறிவிட்டதால் தப்பியது. தேங்கிய மழைநீரையும் ஓர் எண் பட்டையையும் ஒருவர் கவனித்திராவிட்டால், அது வெறும் தெருக்காட்சியாகவே இருந்திருக்கும்.

பழைய படங்களில் மக்கள் தத்தித் தத்தி ஓடுவதைக் கண்டு பலர் சிரிப்பதுண்டு. அக்கால மக்கள் அப்படி நடக்கவில்லை. பேசாத படக் காலத்தில் கருவியைக் கையால் சுழற்றி நொடிக்கு ஏறக்குறைய 16 கட்டங்களாகப் படமெடுத்தனர். அதை நொடிக்கு 24 கட்டங்கள் ஓட்டும் கருவியில் போட்டால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். சரியான வேகத்தில் ஓட்டினால் அவர்களும் நம்மைப் போலவே நிதானமாக நடப்பார்கள்.

தோட்ட மக்கள் தூர நகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது பாதி உண்மைதான். அதே காலத்தில் தூர நகரங்களும் தோட்ட மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. லண்டனில் இருந்தவர்களுக்கு மலாயாதான் எட்டாத ஊர். 1938ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஷா இயக்கிய ‘மலாயாவின் ஐந்து முகங்கள்’ என்ற ஆவணப்படம், இந்நாட்டு மக்களை இன வாரியாகப் பிரித்து அறிமுகம் செய்தது. 1948ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் கிரவுன் திரைப்படப் பிரிவு ‘மலாயாவின் குரல்கள்’ என்ற படத்தை வெளியிட்டது. இவ்வகைப் படங்களில் தமிழர் வரும்போது பெரும்பாலும் ரப்பர் மரத்தோடு வருவார். கத்தி மரப்பட்டையைச் சீவும்; வெண்மையான பால் கோட்டில் வழிந்து மங்கில் சொட்டும்; அடுத்த காட்சியில் கார் சக்கரம் உருளும். வருணனை சொல்பவர் மரத்தின் வரலாற்றைச் சொல்வார். பால் வெட்டுபவரின் பெயரைச் சொல்ல மாட்டார். பால் வெட்டுபவர் பேசுவதற்கும் வாய்ப்பில்லை. அவரைப் பற்றி இன்னொருவர் பேசுகிறார்.

தோட்டத்து இரவுகள் இவ்வகைப் படங்களில் தென்படுவது அரிது. மாரியம்மன் கோயில் திருவிழா சில நொடிகள் வந்தாலும், ‘விந்தையான வழக்கம்’ என்ற தொனியோடு கடந்து போய்விடும். ஃபிட்ஸ்பேட்ரிக் ஐரோப்பிய நகரங்களில் ஏழைத் தெருக்களைத் தவிர்த்தார். காலனிப் படங்களோ தொழிலாளியின் உழைப்பைக் காட்டின. அவருடைய மனத்தைத் தவிர்த்தன. இரண்டிலும் குறைபாடு ஒன்றுதான். கருவி யார் கையில் இருக்கிறதோ, அவருடைய கண்ணே படத்தின் கண்.

கருவியைத் தம் கையில் எடுத்த தமிழர் ஒருவரும் அக்காலத்தில் இருந்தார். கோட்டையூரில் 1911ஆம் ஆண்டில் பிறந்த ஏ.கே. செட்டியாரை ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று அழைப்பர். அவர் பர்மாவில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்தநாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. புதிதாகப் படமெடுப்பது மட்டும் போதாது. முப்பது ஆண்டுகளாகப் பல நாட்டு ஒளிப்பதிவாளர்கள் எடுத்து எங்கெங்கோ போட்டுவைத்திருந்த துண்டுகளைத் தேடவேண்டியிருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார். அத்தனையும் ஓட்டிப் பார்க்கவே ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த படம் தமிழ் வருணனையுடன் 1940 ஆகஸ்டு மாதம் சென்னையில் வெளியானது. வெள்ளையர் ஆட்சிக் காலம் அது. அப்படிப்பட்ட படத்தை வெளியிடுவதே துணிவான செயல். அவரிடம் பெரிய நிறுவனமோ அரசாங்கப் பணமோ இல்லை. அவர் படமெடுத்தவர் என்பதைவிடப் படங்களைத் தேடிச் சேர்த்தவர் என்பதே கூடுதல் பொருத்தம். சேர்த்திராவிட்டால் அத்துண்டுகளில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

படச்சுருள் நிலையான பொருள் அன்று. நைட்ரேட் சுருள் எரியும், பொடியாகும். எரியாத அசிட்டேட் சுருளுக்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் அது மெல்லச் சிதைந்து புளிக்காடியின் வாடை வீசத் தொடங்கும். பிறகு சுருங்கி வளைந்துவிடும். மலேசியாவின் தட்பவெப்பம் அந்நோய்க்கு உரம் போட்டதுபோல. பெட்டியைத் திறந்தவுடனே மூக்கில் புளிப்பு ஏறினால், அந்தப் படத்தை உடனே எண்மப் படியாக மாற்றவேண்டும் என்பது காப்பகத்தாருக்குத் தெரியும். சில வேளைகளில் குருட்டு வாய்ப்பும் உதவுகிறது. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் 1994ஆம் ஆண்டில் ஒரு பழைய கடையின் அடித்தளத்தில் கிடந்த கலன்களில் ஏறத்தாழ 800 சுருள்கள் கிடைத்தன. மிட்செல், கென்யன் என்ற இருவர் 1900ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எடுத்தவை அவை. ஆலை வாசலில் தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படமெடுத்து, அவர்களுக்கே கட்டணத்துக்குக் காட்டியிருந்தனர். தங்களைத் திரையில் காண்பதற்காகவே மக்கள் திரண்டு வந்தார்களாம்.

இன்று பழைய படங்கள் பலவற்றை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 85,000 படங்களை யூடியூபில் பதிவேற்றியது. காலனிக் கால மலாயாவைக் காட்டும் பல படங்களும் இணையத்தில் உள்ளன. மறுபக்கம், நெகிரி செம்பிலானில் சிரம்பானைச் சுற்றியும் நீலாய் வட்டாரத்திலும் இருந்த பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. லாபு, லின்சம், சுவா பெத்தோங் போன்ற பெயர்கள் பலருக்கு இன்று பிறந்த ஊரின் நினைவாக மட்டுமே எஞ்சியுள்ளன. இந்நிலையில், யாரோ ஒரு வெளிநாட்டார் தம் நாட்டவருக்காக எடுத்த பத்து நிமிடப் படம், தோட்டத்து வாழ்க்கைக்கு அரிய சான்றாகிவிடுகிறது.

ஆயினும், இத்தகைய படங்கள் பலவற்றில் ‘மலாயா ரப்பர்த் தோட்டம்’ என்பதற்குமேல் குறிப்பு இருப்பதில்லை. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கவேண்டும். லாரியின் பதிவு எண் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது நெகிரி செம்பிலான் வண்டி. மரத்தில் உள்ள வெட்டும் காலத்தைச் சொல்லும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி ரப்பரை வளர்த்த தொடக்கக் காலத்தில் மீன்முள் வடிவத்தில் பல கோடுகளாகப் பட்டையை வெட்டினர். பிற்காலத்தில் மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஒரே சாய்வான கோடு வந்தது. மங்கு கண்ணாடியா, சுட்ட மண்ணா என்று பார்க்கலாம். பால் வாளியைத் தோளில் காண்டாவில் சுமக்கிறார்களா, சைக்கிளில் கட்டியிருக்கிறார்களா என்றும் கவனிக்கலாம்.

மற்ற அடையாளங்கள் காப்பக அலுவலர்களுக்குத் தெரியாதவை. புகைக்கூடத்தின் கூரை எந்தப் பக்கம் சரிகிறது, தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கோயில் இருந்ததா, ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் தெரியும் குன்றின் முகடு இரட்டையா என்பவை அங்கே வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களுள் பலர் இப்போது அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வசிக்கிறார்கள். ஒரு கைப்பேசியில் அந்தப் படத்தைப் போட்டு அவர்கள் முன் நீட்டினால், அவர்கள் ரப்பர் மரத்தைப் பார்க்க மாட்டார்கள். மூலையில், ஒரு நொடி மட்டும் தெரிந்து மறையும் வாசற்படியைப் பார்ப்பார்கள். அது யாருடைய வீடு என்று பெயர் சொல்வார்கள்.